ஆவன செய்யப்படும்

எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில ஒரு பிளாஸ்டிக் கவர் கிடக்கு. அதுக்குள்ள நாலு கடுதாசி. நாலும் ஒரே அரசு அலுவலகத்துல இருந்து வந்தது, நாலு வருஷத்துல. தேதி வேற, நம்பர் வேற. கடைசி வரி மட்டும் நாலுலயும் ஒண்ணுதான்: "தங்கள் மனு மீது ஆவன செய்யப்படும் என இதன் மூலம் தெரிவிக்கப்படுகிறது."

பட்டணத்துல இருக்கிற நண்பர்கள் இந்த வரியை கேஸ் கம்பெனியிலயோ, பேங்க்லயோ, கார்ப்பரேஷன்லயோ பார்த்திருப்பீங்க. எனக்கு இந்த வரியோட நாலு வருஷப் பழக்கம். அது எங்கிருந்து வந்துச்சு, அதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல எப்படி எழுதினாங்கன்னு கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அதைத்தான் இன்னிக்கு எழுதுறேன்.

முதல்ல என் கதை. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல இருக்கிற வல்லம் பக்கம் எங்க கயனி. தாத்தா வாங்கினது 1 ஏக்கர் 12 சென்ட். கிரயப் பத்திரத்துல அப்படித்தான் இருக்கு. 1980கள்ல யூ.டி.ஆர்.னு சொல்ற நில உடைமைப் பதிவு வேலை நடந்துச்சு. அப்ப எழுதின கணக்குல எங்க நிலம் 89 சென்ட் ஆயிடுச்சு. அதுதான் பின்னாடி கம்ப்யூட்டர்லயும் ஏறிச்சு. மீதி 23 சென்ட் தண்ணி பாய்ஞ்சு நெல்லு விளையுற நிலம். வரப்பு மாறல, பயிர் வைக்கிறவனும் மாறல. காகிதத்துல மட்டும் அது எங்களது இல்ல. என் பொண்ணு படிப்புக்குக் கடன் கேட்டுப் போனப்பதான் இந்த விஷயமே தெரிஞ்சுது. பட்டாவுல இருக்கிறதுக்குத்தான் மதிப்புன்னு சொல்லிட்டாங்க.

மனு எழுதிக் குடுத்தேன். முதல் கடுதாசி வந்தப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டினேன். எல்லாம் கேட்டுட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"செய்யப்படும்னா, யாரு செய்வாங்களாம்?"

"பேரு போடலம்மா."

"கையெழுத்து இருக்கே?"

இருந்துச்சு. ஒரு கிறுக்கல். அதுக்குக் கீழ 'அலுவலருக்காக'ன்னு இருந்துச்சு. அதாவது கையெழுத்துப் போட்டவரும் அவர் இல்ல, அவருக்குப் பதிலா வேற ஒருத்தர்.

"பேரே இல்லாத கடுதாசிய வச்சுக்கிட்டு யாரைடா போய்ப் பாக்குறது?"ன்னு கேட்டுட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டாங்க.

அம்மா கேட்ட கேள்வி இலக்கணக் கேள்வி. எனக்கு அது புரிய இன்னும் மூணு கடுதாசி ஆச்சு.

நான் படிச்சது பத்தாவது வரைக்கும். இங்கிலீஷ் வாத்தியார் போர்டுல ரெண்டு வரி எழுதுவார். 'ராமா கில்டு ராவணா.' கீழ, 'ராவணா வாஸ் கில்டு பை ராமா.' தமிழய்யாவும் அதையே சொல்லுவார்: இராமன் இராவணனைக் கொன்றான், செய்வினை. இராவணன் இராமனால் கொல்லப்பட்டான், செயப்பாட்டுவினை. ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணு, மாத்தி எழுதினா ரெண்டு மார்க்கு.

ஒரு விஷயத்தை ரெண்டு பேரும் அழுத்திச் சொல்லல. அந்த 'பை ராமா'வை, இந்த 'இராமனால்'ங்கிறதை எடுத்துட்டாலும் வாக்கியம் நிக்கும். 'இராவணன் கொல்லப்பட்டான்.' யாரு கொன்னதுன்னு சொல்லாமலே வாக்கியம் முடிஞ்சுபோச்சு.

தமிழ்ல சாதாரணமா அப்படித் தப்பிக்க முடியாது. நம்ம வினைச்சொல்லோட வால்லயே ஆள் உக்காந்திருக்கும். செய்வேன்னா நான். செய்வோம்னா நாங்க. செய்வார்னா அவர். பேரைச் சொல்லலைன்னாலும் ஒருமையா பன்மையா, நானா நீயா அவரா, அவ்வளவும் அந்த வால்ல தெரியும். 'செய்யப்படும்'ல அந்த வால் இல்ல. 'நான் செய்வேன்'னு எழுதினவரை நாளைக்குக் கேட்கலாம். 'செய்யப்படும்'னு எழுதினா கேட்க ஆள் இல்ல.

அப்படின்னா ஊர்ப் பேச்சுல ஆளை மறைக்கிற வழக்கமே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. அறுப்பு முடிஞ்சா 'அறுத்தாச்சு'ன்னுதான் சொல்றோம். 'தண்ணி விட்டாச்சு', 'மல்லாட்டை பிடுங்கியாச்சு', 'வீடு மெழுகியாச்சு'. ஒண்ணுலயும் யாருங்கிறது இல்ல. இது ரொம்பப் பழைய வழக்கம். ஒருத்தர் மெழுகின திண்ணையை, திண்ணை தானே மெழுகிக்கிட்ட மாதிரி சொல்ற பேச்சு உண்டு. அப்படிச் சொல்றதும் வழக்கம்தான்னு தொல்காப்பியம் வினையியல்ல ஏத்துக்குது. ஆனா எங்க ஊர்ல 'அறுத்தாச்சு'ன்னா யாரு அறுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் கூலி குடுக்கணுமே! தெரிஞ்ச ஆளைச் சொல்லாம விடுறது ஒண்ணு. தெரியக்கூடாதுன்னே விடுறது இன்னொண்ணு.

கால்டுவெல் பாதிரியார் 1856-ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணம் வெளியிட்டார். இங்கிலீஷ்ல, லத்தீன்ல இருக்கிற மாதிரி தனியான செயப்பாட்டுவினை திராவிட மொழிகள்ல கிடையாதுன்னு அதுல சொல்றார். 'படு'ங்கிற சொல்லை ஒட்டவச்சுத்தான் அதைச் செய்யணும், பேச்சுல அது அவ்வளவாப் புழங்கறதில்லைங்கிறது அவர் கணிப்பு. எனக்கு அது சரின்னு படுது. 'பானை உடைக்கப்பட்டது'ன்னு எங்க தெருவுல யாராவது சொல்லி நான் கேட்டதில்ல. 'பானை ஒடைஞ்சுபோச்சு'ம்பாங்க. இல்லைன்னா 'இவன்தான் ஒடைச்சான்'னு ஆளைக் காட்டுவாங்க.

'படு'வும் எங்களுக்குத் தெரியாத சொல் இல்ல. கஷ்டப்படு, பாடுபடு, அடிபடு, அவதிப்படு. எல்லாமே நாங்க தினமும் படுறதுதான். 'பட்டவனுக்குத்தான் தெரியும்'பாங்க. கடுதாசியில 'செய்யப்படும்'னு வந்தாலும் கடைசியில படுறது மனு குடுத்தவன்தான்.

சரி, அரசாங்க எழுத்துன்னாலே அப்படித்தான் இருக்குமா? இருக்காதுங்கிறதுக்குக் கல்லுலயே சாட்சி இருக்கு, அதுவும் எங்க பக்கத்துல. செஞ்சியில இருந்து விழுப்புரம் போற வழியில உள்ள போனா மண்டகப்பட்டு. பல்லவ ராஜா மகேந்திரவர்மன் குடைஞ்ச கோயில் அங்க இருக்கு. சுமார் 1400 வருஷம் ஆச்சு. அந்தத் தூண்ல சமஸ்கிருதத்துல ஒரு கல்வெட்டு. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம, பிரம்மா சிவன் விஷ்ணு மூணு பேருக்கும் இந்தக் கோயில் ஆக்கப்பட்டதுன்னு சொல்லுது. வாக்கியம் செயப்பாட்டுவினைதான். ஆனா யாரால ஆக்கப்பட்டதுன்னும் அதுலயே இருக்கு: விசித்திரசித்தன்ங்கிற ராஜாவால. அது மகேந்திரனோட பட்டப்பேர்களில் ஒண்ணு. வாத்தியார் சொன்ன அந்த 'ஆல்' கல்லுல பத்திரமா நிக்குது. அதனால செயப்பாட்டுவினை மேல எனக்குக் கோபம் இல்ல. 'ஆல்' காணாமப் போனதுதான் என் வழக்கு.

எங்க ஊர்ப் பேர்லயே இன்னொரு வல்லம் செங்கல்பட்டுக்குப் பக்கத்துல இருக்கு. அங்கயும் அதே மகேந்திரன் காலத்துக் குடைவரை. கல்வெட்டு தமிழ்ல இருக்கு. ராஜாவுக்கு அடியானா இருந்த வயந்தப்பிரி அரசரோட மகன் கந்தசேனன் செய்வித்த கோயில்னு சொல்லுது. கந்தசேனன் உளி பிடிச்சிருக்க மாட்டான். ஆள் வச்சு செய்யச் சொன்னவன். அதுக்குத் தமிழ்ல 'செய்வித்த'ன்னு ஒரு சொல் இருக்கு. தன் கையால செய்யலைன்னாலும் பொறுப்பு என்னுதுன்னு சொல்ற சொல் அது. சமஸ்கிருதத்துல எழுதினாலும் ராஜா பேர் வந்துச்சு, தமிழ்ல எழுதினாலும் கந்தசேனன் பேர் வந்துச்சு.

அதுக்கு முன்னூறு வருஷம் கழிச்சு உத்தரமேரூர். திண்டிவனத்துக்கு வடக்கே, காஞ்சிபுரம் மாவட்டம். குடவோலை முறைன்னு பள்ளிக்கூடப் புத்தகத்துல படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தகன் காலத்துல, 919-லயும் 921-லயும் வெட்டின கல்வெட்டுகள். ஊர் வாரியத்துக்கு யாரு நிக்கலாம், யாரு நிக்கக்கூடாதுன்னு விதி அதுல இருக்கு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் நிக்கக்கூடாது, அவனோட உறவுக்காரங்களும் நிக்கக்கூடாது. என்னை நிறுத்தினது அந்தச் சாசனம் முடியுற இடம். சபையில இருந்த பெருமக்கள் பணிக்க, மத்தியஸ்தனாகிய நான் எழுதினேன்னு எழுதினவரே சொல்லி முடிக்கிறார். பேரும் இருக்கு: காடாடிப்போத்தன் சிவக்குறி இராசமல்லமங்கலப்பிரியன். சொன்னது யாரு, எழுதினது யாரு, ரெண்டும் தெளிவு. பதினோரு நூற்றாண்டுக்கு முந்தின ஒரு ஊர்க் கணக்கர் பேர் எனக்குத் தெரியுது. நாலு வருஷத்துக்குள்ள எனக்குக் கடுதாசி எழுதினவர் பேர் தெரியல.

இந்த வழக்கம் முழுசா அழிஞ்சும் போகல. அதே டிரங்குப் பெட்டியில தாத்தாவோட கிரயப் பத்திரம் இருக்கு. நீங்களும் உங்க வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. இன்ன ஊர்ல இருக்கிற இன்னார் மகன் இன்னாருக்கு, இன்ன ஊர் இன்னார் மகன் இன்னார் எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரம்னு ஆரம்பிக்கும். நான் பெற்றுக்கொண்டேன், நான் சுவாதீனம் கொடுத்துவிட்டேன்னு போகும். வில்லங்கம் வந்தா நானே முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன்னு இருக்கும். கீழ சாட்சிகள் பேரு, பத்திரம் எழுதினவர் பேரு. வரிக்கு வரி ஆள். ஏன்னா அங்க பணம் கை மாறுது. ஆள் தெரியாத பத்திரத்தை நம்பி எவனும் பணம் எண்ணி வைக்க மாட்டான்.

அப்புறம் எங்கிருந்து வந்துச்சு 'தெரிவிக்கப்படுகிறது'?

எங்க தென்னாற்காடு ஜில்லா 1801-ல கம்பெனி கைக்குப் போச்சு. கம்பெனிக்கு எஜமானர்கள் லண்டன்ல. கவர்னர் சென்னைக் கோட்டையில. வரி விஷயம் பார்க்க 1786-லயே சென்னையில வருவாய் வாரியம், அதான் போர்டு ஆப் ரெவின்யூ, வந்துடுச்சு. அதுக்குக் கீழ கலெக்டர். அவருக்குக் கீழ தாசில்தார், அப்புறம் ஊர்க் கணக்கப்பிள்ளை, மணியக்காரர். முடிவு எடுக்கிறவர் ஒரு இடம், கடிதம் எழுதுறவர் ஒரு இடம், வரி கட்டுறவன் ஒரு இடம். கடிதம் எழுதுற செகரட்டரி 'நான் சொல்றேன்'னு எழுத முடியாது, முடிவு அவரோடது இல்ல. அதனால 'ஐ ஆம் டைரக்டட் டு ஸ்டேட்'னு ஆரம்பிப்பார். சொல்லும்படி எனக்கு உத்தரவு ஆகியிருக்குன்னு அர்த்தம். டெல்லி அரசாங்கக் கடிதங்கள் பலதும் இன்னிக்கும் அப்படித்தான் ஆரம்பிக்குது. தமிழ்ல அது 'தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளேன்' ஆச்சு.

உத்தரமேரூர்க் கணக்கரும் இதே நிலைமையில இருந்தவர்தான். அவருக்கும் முடிவு எடுக்கிற அதிகாரம் இல்ல. ஆனா அவர் 'பெருமக்கள் பணிக்க எழுதினேன்'னார். இவர் 'பணிக்கப்பட்டுள்ளேன்'னு நிறுத்திட்டார். பணிச்சவங்க வாக்கியத்துல இருந்து எழுந்து போயிட்டாங்க.

எழுத்தோட விளையாட்டுதானே, போகட்டும்னு விட முடியாது. இந்த வாக்கியத்தால நிலம் போயிருக்கு. 1894-ல வந்த நில எடுப்புச் சட்டத்துல, பொதுக் காரியத்துக்கு ஒரு நிலம் தேவைப்படுகிறதுன்னு அரசாங்கத்துக்குத் தோணினா அறிவிப்பு குடுக்கலாம். அப்புறம் ஆட்சேபணை கேட்பாங்க. அதுக்கப்புறம் நிலம் தேவைதான்னு ஒரு பிரகடனம் வரும். அந்தப் பிரகடனமே, நிலம் தேவைங்கிறதுக்கு முடிவான சாட்சின்னு சட்டத்தோட 6-வது பிரிவு சொல்லிச்சு. 'தேவைப்படுகிறது.' யாருக்கு? அந்த வரி பதில் சொல்லாது. வெள்ளைக்காரன் போயி 66 வருஷம் வரைக்கும் அந்தச் சட்டம் இருந்துச்சு. 2014 ஜனவரி 1-ல புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான், தனியார் கம்பெனிக்குன்னா பாதிக்கப்படுற குடும்பங்கள்ல 80 சதவீதம், அரசும் தனியாரும் கூட்டுன்னா 70 சதவீதம் சம்மதிக்கணும்னு ஆச்சு. யாருக்காகங்கிற கேள்வியைச் சட்டமே கேட்க 120 வருஷம் பிடிச்சிருக்கு.

இங்கிலீஷ்காரங்களுக்கே இந்தத் தந்திரம் தெரியாம இல்ல. ஜார்ஜ் ஆர்வெல் நம்ம பீகார் மோதிஹாரியில 1903-ல பிறந்தவர். பர்மாவுல வெள்ளைக்கார போலீஸ் அதிகாரியா இருந்தவர். செய்வினையில சொல்ல முடியிற இடத்துல செயப்பாட்டுவினையைப் போடாதேன்னு 1946-ல ஒரு கட்டுரையில விதியே எழுதினார். அந்தக் கச்சேரிக் காகிதங்களை உள்ள இருந்து பார்த்த மனுஷன். அமெரிக்காவுல 1987-ல ஜனாதிபதி ரீகன், ஈரானுக்கு ஆயுதம் வித்த விவகாரத்துல 'தவறுகள் நடந்துவிட்டன'ங்கிற மாதிரி செயப்பாட்டுவினையில சொன்னார். யாரு தப்புப் பண்ணினதுன்னு அந்த வரியில இல்ல. அவ்வளவு பெரிய நாட்டு ஜனாதிபதிக்கும் ஒளிஞ்சுக்க அந்தச் சின்ன வாக்கியம் போதுமா இருந்துச்சு.

நம்ம மாநிலத்துல 1956-ல, காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ, தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்துச்சு. அரசு காரியம் தமிழ்ல நடக்கணும். நல்ல காரியம். எங்க அம்மாவுக்கு நான் கடுதாசியைப் படிச்சுக் காட்ட முடிஞ்சதே அந்தச் சட்டத்தாலதான். இங்கிலீஷ்ல வந்திருந்தா அதுக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தாவைத் தேடணும். நகராட்சி ஆணையரா இருந்த கீ. இராமலிங்கனார் மாதிரி பெரியவங்க ஆட்சிச் சொற்களுக்குத் தமிழ் தேடித் தேடி உழைச்சாங்க. பைல் கோப்பு ஆச்சு, ஆர்டர் ஆணை ஆச்சு, கலெக்டர் ஆட்சியர் ஆனார். 'ஆவன'ங்கிறதும் அழகான சொல். ஆக வேண்டியவைன்னு அர்த்தம்.

ஆனா சொல்லு மாறின அளவுக்கு வாக்கியம் மாறல. 'நெசஸரி ஆக்‌ஷன் வில் பி டேக்கன்'ங்கிறதுக்கு மேல சட்டையை மாத்தினா 'ஆவன செய்யப்படும்'. 'இட் இஸ் ரிக்வெஸ்டட்' போயி 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' வந்துச்சு. கறிக்குழம்புச் சட்டியிலயே பாயசம் வச்ச மாதிரி, சாமான் எல்லாம் நம்மளது, வாசனை மட்டும் பழசு.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். அரசு ஆணையில தனி ஆள் பேர் இல்லாததுக்கு நியாயமான காரணமும் உண்டு. மாநில அரசோட நடவடிக்கை எல்லாம் ஆளுநர் பேர்லதான் சொல்லப்படணும்னு அரசியல் சட்டம் 166-வது பிரிவு சொல்லுது. அதனாலதான் அரசாணையில '(ஆளுநரின் ஆணைப்படி)'ன்னு இருக்கும். நாற்காலியில யாரு உக்காந்தாலும் ஆணை செல்லணும், அவர் மாறினா ஆணை காலாவதி ஆகக்கூடாது. ஒரு கிளார்க் மேலதிகாரி சொன்னதை எழுதினதுக்காக ஊர்க்காரன் அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கவும் கூடாது. ஒத்துக்கிறேன். எனக்கு ஆளோட பேரு கூட வேணாம். எந்த நாற்காலி, எந்தத் தேதிக்குள்ளன்னு சொன்னாப் போதும். 'இந்தப் பிரிவு இந்த மாசத்துக்குள் அளந்து முடிவு சொல்லும்'னு எழுதினா என்ன குறைஞ்சுடும்?

நாலாவது கடுதாசி வந்தப்புறம் திண்டிவனத்துல ஒரு ரிட்டையர்டு வாத்தியார்கிட்ட போனேன். நாலையும் படிச்சுட்டு அவர் சிரிச்சார். "நீ கேக்குறது தப்புப்பா. 'என் நிலத்தைச் சரி பண்ணுங்க'ன்னு கேட்டா 'செய்யப்படும்'னுதான் பதில் வரும். 'யாரு, எப்ப'ன்னு கேளு"ன்னார்.

2005-ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா ஸ்டாம்பு ஒட்டி ஒரு மனு எழுதச் சொன்னார். நாலே கேள்வி. என் மனு எந்தத் தேதியில எந்தப் பதவியில இருக்கிறவர்கிட்ட போச்சு? அவர்கிட்ட எத்தனை நாள் இருந்துச்சு? அவர் அதுல என்ன எழுதினார்? இப்ப யாரு மேசையில இருக்கு? அந்தச் சட்டப்படி 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும். தர முடியாதுன்னா காரணமும், யாருகிட்ட மேல்முறையீடு பண்ணலாம்ங்கிற விவரமும் எழுதணும். காரணம் இல்லாம தாமதம் பண்ணினா ஒரு நாளைக்கு 250 ரூபா, அதிகபட்சம் 25,000 ரூபா வரைக்கும் அபராதம். அது இலாகா மேல இல்ல, அந்தத் தகவல் அலுவலர் மேல விழும். யாரோ ஒரு சட்டம் எழுதினவருக்கு எங்க அம்மா கேள்வி கேட்டிருக்கு!

பதில் வந்துச்சு. ஒரு பக்கம்தான். ஒரு பிரிவுல, ஒரு மேசையில என் மனு 14 மாசமா இருக்குன்னு தெரிஞ்சுது. காரணம், பழைய புலப்பட நகல் ஒண்ணு இணைக்கப்படல. அந்த நகல் வேணும்னு நாலு கடுதாசியில ஒண்ணுல கூட சொல்லல. நான் அந்த நகலை எடுத்துக்கிட்டு நேரா அந்த மேசைக்குப் போனேன். அங்க இருந்தவர் நல்ல மனுஷன். "இது இல்லாமதாங்க நிக்குது, நான் எழுதி வச்சேனே"ன்னார். உள்ள எழுதி வச்சிருக்கார், நிஜம். வெளிய வந்த கடுதாசியில அது 'ஆவன'ன்னு ஆயிடுச்சு. அப்புறம் அளந்தாங்க, விசாரிச்சாங்க, ஏழு மாசத்துல 23 சென்ட் பட்டாவுக்குத் திரும்பி வந்துச்சு. அதுக்குள்ள பொண்ணு முதல் வருஷப் படிப்பை முடிச்சுட்டா. ரெண்டு கறவை மாட்டை வித்துத்தான் பீஸ் கட்டினோம்.

கெட்டவங்க யாரும் இந்தக் கதையில இல்ல. எல்லாரும் அவங்கவங்க வரியை எழுதினாங்க. அந்த வரிக்கு வால் இல்லாததால எனக்கு நாலு வருஷமும் ரெண்டு மாடும் போச்சு.

ஊரைச் சொல்லிட்டு என்னைச் சொல்லாம விட்டா நியாயம் இல்ல. போன கார்த்திகையில ராத்திரி என் முறைத் தண்ணி. பாய்ச்சிட்டு மடையை அரைகுறையா அடைச்சுட்டு வந்து படுத்துட்டேன். விடிகாலையில பாத்தா பக்கத்துக் கயனிக்காரர் நாத்தங்கால் முழுகிக் கிடக்கு. அவர் கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மடை ஒடைஞ்சுபோச்சு மாமா."

மாமா என்னையே பாத்தார். "அதுவா ஒடைஞ்சுச்சா, நீ அடைக்கலியா?"

எனக்கு அந்த நாலு கடுதாசியும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கொஞ்ச நேரம் கம்முனு இருந்தேன். அப்புறம் "நான்தான் மாமா சரியா அடைக்கல"ன்னேன். என் நாத்தங்கால்ல இருந்து அரைக்காணிக்கு நாத்து பிடுங்கிக்கச் சொன்னேன். அவர் திட்டினார். திட்டி முடிச்சுட்டு நாத்து பிடுங்க ஆள் கூட்டிக்கிட்டு வந்தார்.

இதைப் படிக்கிறவங்கள்ல ஆபீஸ்ல கடிதம் எழுதுறவங்க நிறையப் பேர் இருப்பீங்க. நாளைக்கு 'செய்யப்படும்'னு கை தானா எழுதும். அடுத்த முனையில என்னை மாதிரி ஒருத்தன் அதைத் தன் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவான். அந்தம்மா கேட்கப் போற கேள்விக்குப் பதிலையும் அதுலயே ஒரு வரி எழுதி அனுப்பிடுங்க.

கரண்ட் வந்துடுச்சு, மோட்டார் போடணும். இந்தத் தடவை மடையை நானே அடைச்சுட்டுத்தான் வருவேன்.